மண்டிக்காரர் வீட்டு மாணவி

"நான் வாணியம்பாடி போய்ட்டேன்னு சொல்லிடுங்க முதலாளி" என்று சொல்லிக்கொண்டே, ஜட்காக்காரர் அமீர் பாஷா பட்டை மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினார். குதிரை மட்டும் வாசலில் நின்று அவரைக் காட்டிக்கொடுத்தது.

தேடி வந்தது போலீஸ்காரர் இல்லை. கையில் சிலேட்டுப் பலகையோடு ஒரு பொடியன். "தாத்தா, வெளிய வாங்க. நேத்து 'க' பாதியில நிக்குது" என்றான்.

மண்டிக்காரர் வேலாயுதத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்தக் கூத்துக்கெல்லாம் காரணமே அவர்தான்.

ஆம்பூரில் தோல் பதனிடுகிறவர்களுக்கு ஆவாரம்பட்டை விற்கும் மண்டி அவருடையது. கோடை விடுமுறை வந்தால் போதும், தெருப் பிள்ளைகள் அத்தனையும் பட்டைக் குவியலில் ஏறிச் சறுக்கும். இந்த வருஷம் பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன்பே தலைமையாசிரியர் இருதயராஜைப் போய்ப் பார்த்துவிட்டார். "லீவுல பசங்களுக்கு உருப்படியா ஒரு வேலை குடுங்க சார். பேஜாராப் போச்சு."

இருதயராஜ் கொடுத்தார். ஆளுக்கு ஒரு படிக்காத பெரியவரைப் பிடித்து, பள்ளி திறப்பதற்குள் எழுத்துக்கூட்டிப் படிக்க வைக்க வேண்டும். அன்றிலிருந்து ஊரில் பெரியவர்கள் ஓடினார்கள், சின்னவர்கள் துரத்தினார்கள். பட்டைக் குவியல் சிதறாமல் கிடந்தது.

வேலாயுதத்தின் நிம்மதி மனோரமா வரும் வரைக்கும்தான். தோல் மேஸ்திரியின் மகள். பொன்னுக்கு வீங்கியில் படுத்திருந்து அவள் எழுந்து வந்தபோது, ஊரில் படிக்காத ஆள் ஒருவரும் மிச்சமில்லை. மண்டிக்குப் பின்னாலிருந்த வீட்டு வாசலில் நின்று அழுதவளை, வேலாயுதத்தின் மனைவி அமிர்தவள்ளி உள்ளே கூப்பிட்டாள்.

"அழாத கண்ணு. எனக்குச் சொல்லிக் குடு."

மண்டியிலிருந்து இதைக் கேட்ட வேலாயுதம், மேஜையில் கிடந்த பேப்பரை அவசரமாக மடித்து ஒளித்தார்.

மதராஸ் ரயிலில் வரும் பேப்பரைச் சாயங்காலம் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம். அச்சில் இருந்ததைத்தான் படித்தார் என்று சொல்ல முடியாது. அவள் பட்டுப்புடவை கேட்ட வாரம், "அடுத்த வருஷம் பட்டு விலை பாதிக்குப் பாதி கம்மியாவுமாம்" என்று படித்தார். அவள் பிறந்த வீட்டுக்குப் போக ஆசைப்பட்டபோதெல்லாம் குடியாத்தத்தில் வாந்திபேதி பரவியது. பெண்கள் இரண்டாவது காப்பி குடித்தால் முடி கொட்டும் என்று ஜெர்மனியில் ஒரு டாக்டர் கண்டுபிடித்திருந்தார். அமிர்தவள்ளி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள்.

இவள் படித்துவிட்டால் தன் கதி என்ன? பாடம் தொடங்கிய மறுநாளே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மனோரமா சிலேட்டில் 'கண்' என்பதற்கு ரெண்டு சுழி போட்டிருந்தாள்.

"இதுல ஒரு சுழி கம்மியா இருக்குது பாரு" என்றாள் அமிர்தவள்ளி. மனோரமா நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினாள்.

அதற்குள் சுழி எண்ண ஆரம்பித்துவிட்டாளே என்று வேலாயுதத்துக்கு வியர்த்தது.

அடுத்த நாள் மனோரமாவை மண்டி வாசலிலேயே மடக்கினார். "லீவு நாள்ல இன்னாத்துக்கும்மா படிப்பு? பட்டைக் குவியல் சும்மாத்தான் கெடக்குது. ஏறி சறுக்கி வெளையாடு."

"பட்டை செதறும்னு நீங்கதான பெரிய சாராண்ட சொன்னீங்க?"

கடலை உருண்டை கொடுத்துப் பார்த்தார். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். யாரும் பார்க்காதபோது சிலேட்டைப் பட்டைக் குவியலுக்குள் புதைத்தார். அவர்கள் அடுப்புக்கரியால் தரையில் எழுதினார்கள்.

பள்ளி திறக்கும் நாளும் வந்தது. இருதயராஜ் வீடு வீடாகப் போய்ச் சோதித்துவிட்டு மண்டிக்கும் வந்தார். வேலாயுதத்தின் மேஜையில் கிடந்த பேப்பரை எடுத்து, "படிங்கம்மா" என்று நீட்டினார். மனோரமா விரல் நகத்தைக் கடித்தாள்.

"ம...ழை. மழை. பெ...ய்...யு..." அமிர்தவள்ளி விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி, மூச்சு வாங்கி, ஒரு வரியை முடிப்பதற்குள் மண்டிக்கு வந்த ஆள் சரக்கு வாங்கிக்கொண்டே போய்விட்டான்.

"பரவால்ல. சபாஷ் மனோரமா" என்றார் இருதயராஜ். மனோரமா தெரு முழுக்கக் கேட்கும்படி சிரித்துக்கொண்டு ஓடினாள்.

வேலாயுதத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் படித்து முடிக்கவே இவளுக்கு அடுத்த கோடை ஆகிவிடும். சாயங்காலம் வழக்கம்போலக் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

"குடுங்க. இன்னிக்கு நான் படிக்கிறேன்" என்று அமிர்தவள்ளி வாங்கிக்கொண்டாள்.

சரி, கொஞ்ச நேரம் திணறட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"தெனமும் கெணத்துல தண்ணி எறைக்கிற ஆம்பளைங்களுக்கு ஆயுசுக்கும் மூட்டு வலி வராதாம். மதராஸ்ல பெரிய டாக்டரு சொல்லியிருக்காராம்." ஒரு தடங்கல் இல்லை. தண்ணீர் மாதிரி ஓடியது குரல்.

வேலாயுதம் பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தார். பக்கம் முழுக்கப் பஞ்சு விலைதான் இருந்தது.

"இதுல அப்படி ஒண்ணும் இல்லியே."

"நீங்க படிச்சதுகூடத்தான் ஒருநாளும் அதுல இல்ல. நான் எதுனா கேட்டனா?"

வேலாயுதம் பேப்பரைக் கீழே வைத்தார். "இந்த லீவுல கத்துக்கினவ நீ. நான் எப்பவோ படிச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

அமிர்தவள்ளி குடத்தையும் கயிற்றையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"உங்க வீட்ல படிக்காத பொண்ணுதான் வேணும்னாங்க. அதான், நான் எட்டாவது பாஸ் பண்ணதை எங்கப்பா சொல்லல."