மிச்ச வெல்லம்

துலாபாரத் தட்டில் ஐந்து வயது அறிவுச்செல்வியை உட்கார வைத்ததும், எதிர்த்தட்டில் வெல்லம் ஏறத் தொடங்கியது. அவள் அம்மா இளவேனில், மூச்சைப் பிடித்துக்கொண்டு தராசு முள்ளையே பார்த்தாள். இருபத்தொரு கிலோவில் முள் நடுவில் நின்றது.

"நல்லா பாருங்க சாமி! போன பிறந்தநாளுக்கும் இதே இருபத்தொண்ணுதான்!" என்று பதறினாள் நாத்தனார் பேச்சாயி. "வளர்ற பிள்ளையாச்சேன்னு மூணு கிலோ கூட வாங்கியாந்தேன். பை பிரிக்காமக் கெடக்கு!"

பூசாரி மறுபடி பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பேச்சாயி இளவேனில் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, ஒரு வருசமா பிள்ளைக்குச் சோறு போட்டியா, இல்லையா?"

இளவேனிலுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. பிள்ளையைப் போன வருடத்திலிருந்து பார்த்துவரும் திண்டுக்கல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"டாக்டரம்மா, ஒரு கிலோகூட ஏறலைங்க!"

"உயரம்?"

"எட்டு சென்டிமீட்டர் கூடியிருக்கு."

"ஜெயிச்சுட்டீங்கம்மா! போன வருசம் உயரத்துக்கு மீறின எடையில இருந்தா. பட்டினி போடாம, பலகாரத்தை மட்டும் குறைச்சு ஓடியாட விடுங்கன்னு சொன்னேன். எடை நின்னுச்சு, உயரம் எட்டிப் பிடிச்சிருச்சு!"

பேச்சாயி பிள்ளையைத் தேடித் திரும்பினாள். போன வருடம் மூச்சிரைத்து இடுப்பில் ஏறி வந்த பிள்ளை, இப்போது தட்டை விட்டு ஓடி, கோயில் படிகளில் குதித்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்த மூணு கிலோ?"

"அதையும் சாமிக்கே குடுத்துருங்க மதினி," என்று சிரித்தாள் இளவேனில். "அவ உடம்புல ஏற வேண்டியதுதான், உங்க பையில கெடக்கு!"