479 இல்லாத இலக்கம்

"479 எண்டு தொடங்காத இலக்கமாப் பாத்துத் தாங்க நானா. வேற எந்த நாட்டு இலக்கமெண்டாலும் பரவாயில்ல."

கல்முனைச் சந்தைக்குப் பின்னால் கணினிக் கடை வைத்திருந்த கச்சிமுகம்மதுவின் முகம் இதைக் கேட்டதும் சுருங்கிப் போயிற்று.

இணையத்தில் பொருள் விற்கிறவர்களுக்குப் பார்கோட் இலக்கம் இல்லாமல் காரியம் நடவாது. அந்த இலக்கங்களை அவர் மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விற்று வந்தார். சுனாமியோடு மூடுண்ட சவர்க்காரக் கம்பனி ஒன்றிடம் எடுத்தவை ஒரு கட்டு. இலங்கையில் பதிந்தவையாதலால் எல்லாமே 479 என்று தொடங்கும். அமெரிக்கத் தரகன் ஒருவனிடம் எடுத்தவை இன்னொரு கட்டு.

இப்போது கேட்டு நின்ற தம்பிலுவில் ஊர் வசந்தினி போன வருடம் முதற்கட்டிலிருந்துதான் வாங்கிப் போயிருந்தாள். அவளோடு சேர்ந்து பதினொரு பெண்கள் பன்புல்லில் கைப்பை பின்னுகிறார்கள். பைகள் பெட்டி பெட்டியாகக் கனடாவிலுள்ள களஞ்சியத்துக்குப் போய், அங்கிருந்தே விலைப்படும்.

"முதல் தந்த இலக்கத்தில என்ன கொற?"

"கொற ஒண்டுமில்ல நானா."

"அப்ப இஞ்ச செஞ்ச சாமானுக்கு அமெரிக்கா இலக்கம் என்னத்துக்கு? அந்த முதல் மூண்டு இலக்கமும் எங்க பதிஞ்சதெண்டுதான் சொல்லும், எங்க செஞ்சதெண்டு சொல்லாது. அது எனக்குத் தெரியும். வாங்குறவனுக்குத் தெரியுமா? அமெரிக்காச் சாமானெண்டெலுவா நினைப்பான்?"

"நினைக்கட்டும். அதுக்குத்தான் கேக்குறன்."

போட்டோப் பிரதி எடுக்க வந்து நின்ற மீராசா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"சண்ட முடிஞ்சி ரெண்டு வருஷமாகுது. இந்தத் தமிழ் ஆக்களுக்கு இன்னும் நாட்டுட இலக்கம் கசக்குது. இந்த நாட்டுச் சம்பா அரிசி மட்டும் நல்லா இனிக்குது!"

வசந்தினி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொய்க்கு நான் துணை போக ஏலா தங்கச்சி," என்று கச்சிமுகம்மது மேசை லாச்சியைச் சாத்தினார்.

"சவர்க்காரத்துட இலக்கத்தப் பைக்கு வித்தீங்களே நானா, அது எந்தக் கணக்கு?"

மீராசா சிரித்துவிட்டான்.

"கோவிக்காதீங்க," என்றாள் அவள். "நாலு மணி லொறியில பெட்டி கொழும்புக்குப் போகோணும். ஏழு பை திரும்பிட்டு. இன்னும் மூண்டு திரும்பினா இணையத்தில எங்கட பக்கத்த மூடுறதெண்டு வித்துத் தாற கம்பனிக்காரன் எழுதியிரிக்கான். மூடினா பதினொரு வீட்டிலயும் அடுப்பு எரியா."

"ஏன் திரும்பினது? பின்னல் பிழையா?"

அவள் ஒரு தாளை நீட்டினாள். வாங்கியவர்கள் எழுதும் கருத்துப் பக்கத்திலிருந்து அச்செடுத்தது. மேலே ஒரு பையின் படம், அடியில் எழுதியவரின் பெயர். கச்சிமுகம்மது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார்:

"'பை மிக அழகு. ஆனால் அட்டையில் 479 கண்டேன். எம் மக்களை அழித்த நாட்டின் எந்தப் பொருளும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டாது. திருப்பி அனுப்பிவிட்டேன். தமிழர் எவரும் வாங்க வேண்டாம்.'"

கச்சிமுகம்மது கண்ணாடியைக் கழற்றினார்.

"வாங்குறதும் உங்கட ஆக்களா?"

"பாதிக்கு மேல."

"பின்னுற பொம்புளையள்?"

"ஆறு பேருட வீட்டுக்காரரச் சண்ட கொண்டு போயிட்டு. மத்த ஆக்களக் கடல்."

கச்சிமுகம்மது லாச்சியைத் திறந்து இரண்டாம் கட்டை எடுத்தார். அச்சியந்திரத்தில் ஸ்டிக்கர் தாளைப் பொருத்தினார். ஒட்டுத்துண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின.

மீராசாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அங்க குளிருக்க இரிந்துகிட்டு யாருக்காக அழுறானோ, அவங்கட வயித்திலயே அடிக்கான்! ரெண்டு வரி எழுதிப் போடுங்க புள்ள. பின்னினது யாரெண்டு அவனுக்கும் தெரியட்டும். மொகத்த எங்க கொண்டு போய் வெப்பான் பாப்பம்."

"எழுதத்தான் இரிந்தன். அம்மா விடல்ல."

"அவவுக்கென்ன அவன்ல அவ்வளவு எரக்கம்?"

வசந்தினி ஒட்டுத்துண்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"எழுதினது கனடாவில இரிக்கிற எங்கட அண்ணன். அந்தப் படத்தில இரிக்கிறது அம்மா பின்னின பை. அவ பை பின்னுற கதையே அவருக்குத் தெரியா. தெரிஞ்சா, பிள்ளைக்கு மனம் தாங்காதாம்."