ஐந்து ஓட்டை

“முந்தியெல்லாம் கைத்துவக்கைக் கண்டா சனம் வேலி பாய்ஞ்சு ஓடும். இப்ப பாருங்க, கதிரை போட்டுக் குந்தி, சோடாவும் குடிச்சுக் கைதட்டுதுகள். வெக்கம் கெட்ட சனம்!”

கோணாமலை இதை இன்னாருக்கென்று சொல்லவில்லை. வாவிக்கரைச் சுடுதளத்தின் மண்மேட்டுக்கு முன்னால் குந்தியிருந்து, இலக்குத் தாள்களின் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து புதுத் தாள் வந்து சேரவில்லை. பழைய தாள்களையே போட்டிக்கும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஓட்டைக்கு ஓட்டை கறுப்புக் கடதாசித் துண்டு, கொஞ்சம் மாப்பசை, ஒரு அமத்து. அவ்வளவுதான் வேலை. அடைத்த ஓட்டை எண்ணிக்கையில் வராது. புதிதாக விழுவதைத்தான் எண்ணுவார்கள்.

“அப்பா, மெல்லப் பேசுங்க. ஆக்கள் பார்க்குது” என்றாள், தண்ணீர்ப் போத்தலோடு வந்த தனுஷா. அவருடைய மகள். இன்றைய தெரிவுப் போட்டியில் கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டாள்.

“பார்க்கட்டும். நீ இதில வெண்டா என்ன செய்வாங்கள்?”

“கொழும்புக்கு எடுப்பாங்க. படைட விளையாட்டு அணியில உத்தியோகம். ஆயிரம் தரம் சொல்லிற்றன்.”

“சீருடையும் தருவாங்களோ?”

“ஓம், தருவாங்க.”

“உன்ட அண்ணனுக்கும் இயக்கத்தில ஒரு சீருடை குடுத்தாங்கள். கதிரவெளிப் பக்கம் போனவன், அவன்ட உடம்பைக் கூடக் காணாமத்தான் கொம்மா செத்தவள்.”

“அது சண்டை அப்பா. இது விளையாட்டு. இதில ஆரும் சாகிறல்ல.”

“அவனும் முதல்ல பனங்காய்க்குத்தான் சுட்டுப் பழகினவன்.”

தனுஷா போத்தலை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கடைசிச் சுற்றில் இரண்டே பேர். அடுத்தடுத்த பலகை. தனுஷாவுக்குப் பக்கத்தில் ஏறாவூர் ஷஸ்னா. இருவருக்கும் புள்ளி சரிசமம். ஆனால் மூன்று வருடமாக ஷஸ்னாவை இந்த மாவட்டத்தில் எவரும் வென்றதில்லை. ஆளுக்கு ஐந்து குண்டு; கறுப்பு வட்டத்துக்குள் விழுகிற ஓட்டைக்கு ஒரு புள்ளி.

கோணாமலை சுவருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். ஒவ்வொரு வெடிக்கும் அவருடைய தோள் துள்ளியது. இருபது வருடம் ஆகப்போகிறது, அது மட்டும் நிற்கவில்லை.

விசில் ஒலித்தது. தாள்களைக் கழற்றி வருவதும் அவர் வேலைதான். மகளின் தாளைத் தகப்பன் தொடலாமா என்று எவரும் கேட்கவில்லை. மகள் சுடுவது இந்த மனிசனுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது என்பது ஊரறிந்த விஷயம்.

தனுஷாவின் தாளுக்கு முன்னால் நின்றார். ஓட்டையெல்லாம் கறுப்பு வட்டத்துக்குள்ளேதான் கிடந்தன. அவர் எண்ணவில்லை. எண்ண என்ன இருக்கிறது? ஐந்து சுட்டால் ஐந்து. ஒன்றை அடைத்தால் நாலு. நாலோடு வருகிறவளைக் கொழும்புக்கு எடுக்கமாட்டார்கள்.

சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடுவில் கிடந்த ஒரு ஓட்டையில் கறுப்புத் துண்டை வைத்து அமத்தினார். ஒரு பிள்ளையைத் துவக்குக்குக் கொடுத்தாயிற்று. இருக்கிற ஒன்றாவது களுவாஞ்சிக்குடி வீட்டில், தன் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும்.

இரண்டு தாளையும் நடுவர் நௌஷாட்டின் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

நௌஷாட் கண்ணாடியை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு எழும்பி நின்றார்.

“ஷஸ்னா, நாலு. தனுஷா, அஞ்சு. தனுஷாதான் கொழும்புக்கு!”

“பொய்!” என்று கத்தினார் கோணாமலை. “திரும்ப எண்ணுங்க!”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

“என்ன பெரியவர், பெத்த புள்ள வெண்டது பிடிக்கல்லியா? நாங்க உங்கட மகளுக்குக் கள்ளக் கணக்குக் காட்டுவமா?” என்றார் நௌஷாட்.

“எனக்கு ஆரையும் நம்பேலாது. என்ட கண்ணுக்கு முன்னால எண்ணுங்க.”

நௌஷாட் தாளைத் தூக்கிப் பிடித்து, சத்தமாக எண்ணிக் காட்டினார். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு. ஐந்தேதான். ஐந்தும் புது ஓட்டை. கோணாமலை விரலை மடக்கித் தானும் எண்ணினார். ஐந்து.

ஷஸ்னா மேசைக்குக் கிட்ட வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

“சேர், என்ட கடைசிக் குண்டுக்குக் கை இழுத்திட்டு. அது தனுஷாட தாளிலதான் விழுந்த. அல்லாஹ்வுக்காகச் சொல்றன், எனக்கு நல்லாத் தெரியும்.”

“அதில விழுந்திரிந்தா ஆறு ஓட்டை இரிக்கணுமே தங்கச்சி” என்றார் நௌஷாட். குரல் இறங்கியிருந்தது. “ஆறு இரிந்தா ரெண்டு பேரையும் திரும்பச் சுடச் சொல்லியிரிப்பன். திரும்பச் சுட்டா நீங்கதான் வெல்லுவீங்க எண்டும் எனக்குத் தெரியும். ஆனா இந்தத் தாளில அஞ்சுக்கு மேல ஒண்டும் இல்லியே!”

கோணாமலையின் வாய் திறந்தது. ஒன்றை அடைத்ததைச் சொன்னால் மகள்தான் செய்யச் சொன்னாள் என்பார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டார். “இனியாவது நம்புங்க அப்பா, இதால எனக்கு ஒண்டும் ஆகாது” என்று கையைப் பிடித்த தனுஷாவை விலக்கிவிட்டு, நம்பாமலே, திரும்பிப் பார்க்காமல் வீதிக்கு ஏறி நடந்தார்.