எண்ணெய் பாட்டில்

இத்தாலியின் பலெர்மோ நகரத்து மத்தியான வெயில் ஜன்னல் பலகை இடுக்கு வழியே சமையலறைத் தரையில் கோடு கோடாகக் கிடக்கிறது. நேற்றுக் கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்த ஒர்னெல்லா, கொதிக்கும் பானையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாத்தனார் பியோரென்சா உப்பைப் போட்டு, பாஸ்தாவையும் போட்டுவிட்டு, எண்ணெய் பாட்டிலைத் தூக்குகிறாள். "அண்ணி, ஒட்டாம இருக்க எண்ணெய் ஊத்தப்போறேன்." இருபது வருடமாக பியோரென்சா கையில் எண்ணெய் பாட்டிலைக் கண்டாலே ஒர்னெல்லா பாய்ந்து வந்து பிடுங்குவாள்: "எண்ணெய் பட்டா பாஸ்தாவுல சாஸ் ஒட்டாதுடி, கரண்டிய எடுத்துக் கிளறு!" இன்று அவள் கை மடியிலேயே கிடக்கிறது. "நெசமாவே ஊத்தறேன் அண்ணி. திட்டுங்களேன்." "ஊத்தும்மா." பானையில் நுரை ஏறி இறங்குகிறது. பியோரென்சா ஒரு சொட்டும் ஊற்றாமல் பாட்டிலை மூடி வைக்கிறாள். கரண்டியை எடுத்து, அடிவரை விட்டுக் கிளறுகிறாள், கிளறிக்கொண்டே இருக்கிறாள்.