கடைசி ஆள்

சிரித்த முகத்தோடு பவுல்ராஜை வேலையிலிருந்து அனுப்பிவைத்தாள் ஷீனா. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கருப்புசாமிக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

கஞ்சிக்கோட்டில் அந்த இரும்பு உருக்கு ஆலைக்கு அன்றோடு பூட்டு. எச்.ஆர். ஆபீசர் ஷீனா காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கி, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் கொச்சி ஹெட் ஆபீசுக்குப் பெரிய பதவியில் போகிறாளாம் என்று கேன்டீனில் பேச்சு. மேஜை மேலிருந்த மகள் படத்தையும் பூச்சட்டியையும் ஏற்கெனவே பையில் எடுத்து வைத்துவிட்டிருந்தாள்.

வெளியே வந்த பவுல்ராஜ் காறித் துப்பாத குறை.

"என்ன கேட்டாங்க?" என்றான் கருப்புசாமி.

"அடுத்து என்ன பண்ணப் போறீங்கன்னு தோண்டித் தோண்டிக் கேக்கறாப்பா. ஊட்டுக்கு அனுப்பறதும் இல்லாம இது வேற! அவளுக்கென்ன, கொச்சியில ஏசி ரூம் காத்திருக்குது."

பவுல்ராஜ் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். பெஞ்சில் இனி கருப்புசாமி மட்டும்தான். அவனுக்கு உட்கார முடியவில்லை. எழுந்தான், குழாயடிக்குப் போனான், தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தான். இத்தனை வருஷமாகக் காதை அடைத்துக்கொண்டிருந்த உலைச் சத்தம் இல்லாதது என்னவோ போலிருந்தது. அந்த வெக்கையைத் திட்டாத நாளில்லை. இன்று உடம்பு அதைத் தேடியது.

செல்போன் அடித்தது. மனைவி செல்வலட்சுமி.

"ஏனுங்க, கூப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. நாத்து எப்படி இருக்குது?"

"தக்காளி எல்லாம் நல்லா நிமுந்து நிக்குது. மொளகாதான் ரண்டு தட்டு வாடியிருக்குது. நீங்க வெசனப்படாம வாங்க."

எருத்தேன்பதியில் வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை கட்டி, குழித்தட்டுகளில் நாற்று வளர்த்து விவசாயிகளுக்கு விற்கலாம் என்பது செல்வலட்சுமியின் யோசனை. ஆலை மூடப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே அவள் இறங்கிவிட்டாள். கருப்புசாமி வேறு ஆலைகளில் கேட்டுப் பார்த்தான்; வயதைச் சொன்னதுமே கையை விரித்தார்கள்.

முதலில் போட்ட நாற்று அத்தனையும் வேர் அழுகிச் செத்தது. இரும்பைக் காய்ச்சிக் காய்ச்சிக் காப்புக் காய்த்த கையால் நூல் மாதிரித் தண்டைத் தொடவே பயமாயிருந்தது அவனுக்கு. 'எனக்கு இது வராது' என்று கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு காலையில், யாரும் கூப்பிடாமல் தானாகவே போய்த் தட்டுகளைக் கழுவ உட்கார்ந்தான்.

"கருப்புசாமி சேட்டா, வரூ," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள் ஷீனா.

உள்ளே போனான். காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டான். கழுத்து அட்டையைக் கழற்றி மேஜை மேலிருந்த டப்பாவில் போட்டான். சட்டென்று எழுந்துகொண்டான்.

"அடுத்து என்ன செய்யப் போறீங்க, சேட்டா?"

வந்துவிட்டது அந்தக் கேள்வி.

"அது எதுக்குங்க மேடம் உங்களுக்கு? கொச்சியில போயி எழுதிக் குடுக்கோணுங்களா?"

"இல்ல சேட்டா. தெரிஞ்சுக்கத்தான். சொல்லுங்க."

ஆத்திரத்தில் கொட்டிவிட்டான்.

"நாத்து வளக்கறனுங்க. தக்காளி, மொளகா, கத்திரி. மொதல்ல போட்டது பூராச் செத்துப்போச்சு. மறுக்காப் போட்டோம். இப்ப வேலந்தாவளம் சந்தைக்கு வர்ற ஆளுக ஊடு தேடி வர்றாங்க. ரண்டு பேரால முடியாம, கூட ஒரு ஆளு தேடிட்டிருக்கறோம். போதுங்களா?"

ஷீனா பேனாவைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் செத்தப்போ பயம் தோணலையா?"

"இல்லாமலா? இப்பவும் பயந்தானுங்க. காத்தால எந்திரிச்சதும் நாத்து உசுரோட இருக்குதான்னுதான் போயிப் பாக்கறேன். பயந்துக்கிட்டே தண்ணி ஊத்தறேன். வேறென்ன பண்றது?"

"மண்ணே தொடாத ஒராளு அதைக் கத்துக்க முடியுமா?"

"பர்னசு வெக்கையில கெடந்த நானே கத்துக்கிட்டனுங்க. நேரத்துல வந்தரோணும், வெயில் தாங்கோணும். கைப்பக்குவம் போகப் போக வந்துரும்."

யாரோ சொந்தக்காரருக்குச் சிபாரிசு செய்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. கொச்சிக்குப் போகிறவள் போகிற போக்கில் புண்ணியம் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும், வந்தபோது இருந்த கோபம் இப்போது இல்லை. வேலை போய் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளுக்கு வேலை என்றால் மறுக்க மனம் வரவில்லை.

"சரி, வரச் சொல்லுங்க, பாக்கலாம். வேலை ஆருக்குங்க மேடம்?"

ஷீனா கண்ணாடிக் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். பெஞ்சு காலி. காலையிலிருந்து முகத்தில் ஒட்டிவைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் இறங்கியது. தன் கழுத்து அட்டையைக் கழற்றி, கருப்புசாமியின் அட்டைக்கு மேல் வைத்தாள்.

"எனக்குத்தான், சேட்டா."