சோம்பேறிகள் சங்கத் தலைவர்

தன் கல்யாணத்துக்குத் தானே நேரில் போனது பெரிய விஷயம் என்று சொல்லிச் சிரிப்பார் மேலாளர். பெண் பார்க்க அத்தானை அனுப்பினார். துணி எடுக்க அக்காவை அனுப்பினார்.

"சோம்பேறிகள் சங்கம் ஆரம்பிச்சா நான்தான் தலைவர். கூட்டத்துக்கு மட்டும் உபதலைவர் போவார்."

அவர் மேலாளராக இருந்தது ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில். மாதந்தோறும் ஒவ்வொரு லிஃப்ட்டிலும் ஏறிச் சோதித்து, பாதுகாப்பானது என்று சான்றிதழ் கொடுப்பது அவர் வேலை. மூன்று வருடமாக அவர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. சான்றிதழ்கள் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தன.

ஒருநாள் மெக்கானிக் ஓடி வந்தார். "அந்த ஒன்பது மாடி லிஃப்ட்ல கம்பிக் கயிறு இழை இழையாப் பிரியுது சார். என்னைக்கு விழும்னே சொல்ல முடியாது."

கயிற்றை மாற்றப் போனால் பழைய சான்றிதழ்களைத் தோண்டுவார்கள். மேலாளர் யோசித்தார். அதிசயமாக, ஒரு கடிதத்தைத் தன் கையாலேயே எழுதினார்.

'இன்று முதல் என் சார்பில் கையெழுத்திடும் முழு அதிகாரத்தையும் எங்கள் எழுத்தருக்கு வழங்குகிறேன். அவர் கையெழுத்து என் கையெழுத்தே.'

எழுத்தர் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார்.

"எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்?"

"நம்பிக்கைதாம்மா. என் வேலைய வேற யாராவது செஞ்சாத்தான் எனக்குத் திருப்தி."

"நான் எதை எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் நீங்களே எழுதின மாதிரியா?"

"அப்படியேதான். என்கிட்ட காட்டக்கூட வேணாம்."

எழுத்தர் அம்மா பெருமூச்சு விட்டு, கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பாவம் என்று மேலாளருக்கே தோன்றியது. தனக்குப் பதிலாக வருத்தப்படவும் ஓர் ஆள் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார்.

"அந்த ஒன்பது மாடி லிஃப்ட் விஷயமா வந்திருக்கேன்."

விழுந்துவிட்டது! மேலாளர் அதிகாரக் கடிதத்தின் நகலைப் பாய்ந்து நீட்டினார்.

"கையெழுத்தெல்லாம் எழுத்தர் அம்மாதான் சார். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்களுக்கே தெரியாதுன்னா, அவங்க போட்ட கையெழுத்து செல்லுமா?"

செல்லாது என்றால் பழி திரும்பித் தன் தலையில்தான் விழும்.

"ஏன் சார் செல்லாது? முழு அதிகாரம் குடுத்திருக்கேன். கோர்ட்டுல வேணாலும் வந்து சொல்றேன்."

"நேர்லயா?"

"நேர்லயே!"

இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொண்டு, அதன் கீழே மேலாளரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நல்லது. லிஃப்ட் விழல சார், எங்களுக்கு ஒரு கடிதம் வந்த அன்னைக்கே நிறுத்தியாச்சு. அந்தக் கடிதம் செல்லுமான்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்" என்று ஓர் உறையைப் பிரித்துக் காட்டினார்.

'கயிறு பிரிந்துகொண்டிருக்கும் ஒன்பது மாடி லிஃப்ட் உட்பட, மூன்று வருடமாக எந்த லிஃப்ட்டிலும் ஏறிப் பார்க்காமலே சான்றிதழ் கொடுத்து வந்த குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இப்படிக்கு, மேலாளருக்காக, எழுத்தர்.'