புதுக்கடைப் போணி

நீட்டிய கையில் பத்து ரூபாய் நாணயம் அப்படியே இருந்தது.

சீனித்தாய் அதை வாங்கவில்லை. கீரைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கியதையே கலைத்து மறுபடியும் அடுக்கினாள்.

"செத்த நேரம் கழிச்சு வாங்க மதினி. இன்னும் மூட்டையே பிரிக்கல."

மூட்டையெல்லாம் பிரித்துதான் கிடந்தது.

இவள் தன் இட்லிக் கடைக்குத் திரும்பினாள். திரும்புவதற்கு என்ன இருக்கிறது, அடுத்த கடைதான். பஸ் ஸ்டாண்டு சுவரை ஒட்டி, ரோட்டோர வியாபாரிகளுக்கென்று நகராட்சி கட்டிக்கொடுத்த சின்னச் சின்னக் கடைகள். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, ஆளுக்கொரு பல்பு. நேற்றுத்தான் ரிப்பன் வெட்டினார்கள். சிறு வியாபாரிகள் நிமிர்ந்தால்தான் ஊர் நிமிரும் என்று மைக்கில் சொன்னார்கள். முதலில் கைதட்டியவள் சீனித்தாய்.

மனுப் போட்டதும் அவள்தான். மாசியில் இவள் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, இட்லிப் பானையைக் கவிழ்த்துவைத்துவிட்டு மூலையில் கிடந்தவளைக் கையைப் பிடித்து நகராட்சிக்கு இழுத்துப்போனாள்.

"குடுத்தா ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல குடுங்க சார். இல்லாட்டி எனக்கும் வேணாம்."

அங்கே நின்று அப்படி அடம்பிடித்தவள்.

ரோட்டோரம் சாக்கு விரித்து உட்கார்ந்த காலத்தில் தினமும் நடந்ததுதான். விடிந்ததும் இவள் ஒரு கட்டு அரைக்கீரை வாங்குவாள். சீனித்தாய் இரண்டு இட்லி வாங்குவாள். ஒருத்திக்கு ஒருத்தி போணி. அப்புறம்தான் ஊருக்கு வியாபாரம். மதினி கை பட்டால் மதியத்துக்குள் கூடை காலி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

அதே கைதான்.

வளையல் மட்டும்தான் இல்லை.

அருப்புக்கோட்டை பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு, மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. சீனித்தாய் கடையை விட்டு ஓடினாள்.

"தாயீ, புதுக்கடைம்மா. உன் கையால ஒரு கட்டு வாங்கிட்டுப் போ."

அந்தப் பெண் கொடுத்த காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இவள் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான். பார்த்துவிட்டாள்.

புருஷன் செத்த அன்று கூட்டத்தோடு கூட்டமாக அழுதாள். இதை யாரோடு உட்கார்ந்து அழுவது?

கொஞ்ச நேரத்தில் சீனித்தாய் வந்து நின்றாள். சிரித்த முகம், நெற்றி நிறையக் குங்குமம். இரண்டு இட்லி கேட்டாள். மதினி கடைக்குத் தன் கையால்தான் முதல் போணி என்று உரிமையாகக் காசை நீட்டினாள்.

இவள் வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்ய? இட்லியைச் சூடாகவே வைத்துக் கொடுத்தாள்.

கெட்ட மனசுக்காரியாக இருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். சீனித்தாய் அப்படியில்லை. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாளெல்லாம் ஓடுகிறவளுக்குப் புதுக்கடையில் பயம் இருக்காதா? இருக்கும். இவளுக்கே அது புரிந்தது. புரிந்ததால்தான் நெஞ்சு இன்னும் வலித்தது.

மறுநாள் இவள் டிக்கெட் அறைக்குப் பின்னால் மாவு வாளியோடு நின்றாள்.

முதல் பஸ் டிரைவர்களும் கண்டக்டர்களும் வந்தார்கள். பூட்டிய கடையைப் பார்த்தார்கள். எதிர் ஓட்டலுக்குள் போனார்கள். இட்லிக் கடைக்கு உயிரே அந்த நேரத்து வியாபாரம்தான். இவள் நகரவில்லை. வாளி கனத்தது, கை மாற்றிக்கொண்டாள்.

கீரைக் கடையில் யாரோ ஒரு அம்மாள் வந்து நின்றாள். ஒரு கட்டு வாங்கினாள். காசு கொடுத்தாள். நகர்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் இவள் வெளியே வந்தாள். கடையைத் திறந்தாள்.

"ஏன் மதினி இம்புட்டு நேரம்?"

"பஸ் கெடைக்கல, சீனி."

இவள் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருக்கிறது. சீனித்தாய் அங்கே வராத நாளில்லை.

சீனித்தாய் இவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா மதினி," என்றாள். "இப்பல்லாம் பஸ்ஸு நேரத்துக்கு வர்றதே இல்ல."